ஈசல் அப்பிய வெள்ளைக் கார்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் விஜயலெட்சுமியின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது அவள் புருஷன் ரமேஸ்தான். பயப்படுவதற்கும் கொஞ்சம் சூடு சொரணை வேண்டும் அல்லவா?

அவள் குவைத்தில் யாரோ வீட்டுச் சட்டி பானை கழுவி, பெற்ற மகளின் முகத்தைப் போனில் பார்த்துப் பார்த்து அழுது வாங்கியதுதான் அந்த வெள்ளைக் கார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஹயர் ஓடினால் குடும்பமும் ஓடிவிடும், இனி ஜென்மத்துக்கும் பிளேன் ஏற வேண்டாம் என்று நம்பியிருந்தாள். ஆனால் காரை ஓட்ட ரமேஸை விட்டால் வேறு ஆள் இல்லை. கோளாறே அங்கேதான்.

கார் வந்த கையோடு பூசை போடுகிறேன் என்று கூட்டாளிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு கதிர்காமம் போனான். திரும்பும்போது வெல்லவாயப் பக்கம் மழை விட்ட அந்தி நேரம். ஈசல் கூட்டங்கூட்டமாகக் கிளம்பியிருக்கிறது. நம்ம ரமேஸ் துரை வேகத்தைக் குறைப்பாரா? வந்து நின்ற காரின் முன்பக்கம் முழுக்க ஈசல் நசுங்கி அப்பியிருந்தது. நடுவில் பூசாரி தடவிய சந்தனமும் குங்குமமும்.

“ஏங்க, காயிறதுக்கு முந்தி ஈரத்துணியப் போட்டு ஊற வச்சுத் தொடச்சிருங்க. குவைத்துல டிரைவரு அப்பிடித்தான் செய்வாரு. விட்டா பெயின்ட அரிச்சிரும்.”

“சாமி சந்தனத்தக் கழுவச் சொல்றியா? ஒரு வாரத்துக்குத் தண்ணியே படக்கூடாது. வண்டிக்கு ஏதும் ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்.”

வாளியைத் தூக்கியவள் அதைக் கேட்டுக் கீழே வைத்துவிட்டாள். அந்த மடையன் பேச்சுக்குப் பயந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வாரம் முழுக்க நல்ல வெயில். ரமேஸ் காலையும் மாலையும் காருக்குச் சாம்பிராணி காட்டினான். செத்த ஈசலுக்குத் தூபம் போட்ட முதல் பக்தன் அவனாகத்தான் இருப்பான். வாரம் முடிந்ததும் பக்தி போய் வீரம் வந்தது. தேங்காய் நாரும் சட்டி கழுவுகிற பவுடருமாக உட்கார்ந்து தேய்த்துத் தள்ளினான். ஈசல் போனது. சந்தனமும் போனது. அவற்றோடு பளபளப்பும் போய், ஈசல் இருந்த இடமெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

நமுனுகுலயில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் பார்க்க, மாப்பிள்ளையின் மாமன் கஜேந்திரன் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“என்னாங்க, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?”

சிரித்துவிட்டுப் போனவர் பதுளை டவுனில் வேறு கார் பேசிக்கொண்டார். அடுத்து வந்தவர்களும் முன்பக்கத்தைப் பார்த்ததோடு சரி, உள்ளே ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

ரமேஸ் யோசித்தான். அவன் யோசித்தாலே குடும்பத்துக்கு ஆகாது.

“இன்னும் ஒரே ஒரு தடவ குவைத்துக்குப் போயிட்டு வந்துரு விஜி. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள காலம் ஓடிரும். வண்டிக்கு முழுசா பெயின்ட் அடிச்சிரலாம்.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கூச்சம் ஒரு துளிகூட இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷனிடம் கோபப்பட்டு என்ன மிச்சம் என்ற சலிப்புத்தான் வந்தது. போனை எடுத்து, முன்பு தன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டாள்.

“ஆமாங்க, விஜயலெட்சுமிதான். இல்லைங்க, நான் இனி போக மாட்டேன். எங்க வீட்டுக்காரரு வாறாரு. சமைக்கத் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. கார் கழுவுற வேல இருந்தா பாருங்க. அங்க பக்கத்துல நின்னு திட்டித் திட்டிக் கத்துக் குடுப்பாங்க.”

போனை வைத்துவிட்டு ரமேஸைப் பார்த்தாள்.

“பாஸ்போட்டுக்குப் போட்டோ புடிக்கணும். எந்திரிங்க.”