பின்பக்கத்து எடை

கார்ப் பந்தயத்தைப் பற்றி யாராவது ஆசையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்கு அதில் தெரிந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவே போதும்.

எண்பதுகளின் தொடக்கம். தான் வேலை பார்த்த மில்லைப் பூட்டிய பிறகு அப்பா ஒரு பழைய அம்பாசடரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன அந்த ஊரில், சாரம் பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் காரால்தான் எரிந்தது. அப்போது பிரான்சிலிருந்து பக்கத்து உப்பளம் பேட்டைக்கு விடுமுறையில் வந்த ஒரு பணக்காரப் பையன், தன் ஃபியட்டின் எஞ்சினை முறுக்கேற்றி வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தான். கால் மைலை இருபத்திரண்டு விநாடியில் தாண்டுவானாம். தன்னை ஜெயிப்பவருக்கு மெட்ராஸில் பந்தயக் கார் வைத்திருக்கும் தன் மாமாவிடம் டிரைவர் வேலை, மாதச் சம்பளம் என்று டாக்சி ஸ்டாண்டில் வந்து சொல்லிவிட்டுப் போனான். அப்பா நம்பினார். வேலை போன ஆள் எதையும் நம்புவான்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பின் சீட், ஸ்டெப்னி, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் குவித்தார். அம்மா அந்த சீட்டில் உட்கார்ந்துதான் அரிசி புடைத்தாள். சைலன்சரையும் வெட்டிவிட்டார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. சவாரி நின்றுபோனது.

ஓட்டிப் பார்த்தபோது வேறு தொல்லை. அந்த வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். பின்னால் பாரம் இல்லாததால் கிளப்பியவுடன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சக்கரத்துக்கு மேலே மணல் மூட்டை வைத்தார். அது உருண்டு ஓடியது. பிறகு என்னையும் அக்காவையும் பார்த்தார்.

"இன்னாயா, புள்ளைங்கள மூட்டை மாதிரி ஏத்துற?" என்று அம்மா கத்தினாள்.

"மூட்டை உருளுது. புள்ளைங்க கெட்டியா புடிச்சிக்கும்" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கருவடிக்குப்பத்துப் பக்கம் விமானம் இறங்காத ஓடுபாதை ஒன்று இருந்தது. மாடு மேயும். வெறும் தகரத்தில் அக்கா இடப்பக்கமும் நான் வலப்பக்கமும் குந்திக்கொண்டு, சீட்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். எல்லைக் கோட்டில் ஒரு சொல்தா நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறு கையில் கைக்குட்டை. கைக்குட்டை இறங்கியதும் பையனின் கூட்டாளிகள் "அலே! அலே!" என்று பிரெஞ்சில் கத்தி விரட்டினார்கள். என் பல் நாக்கில் இறங்கியது. வாயெல்லாம் ரத்தம். ஆனால் ஃபியட் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

"இருபத்தொண்ணு" என்றார் சொல்தா.

அப்பா இறங்கி வேலையைப் பற்றிக் கேட்டார்.

"புள்ளைங்கள வச்சிக்கினு ஓட்டுனா செல்லாது மெஸ்ஸியே. தனியா ஓட்டிக் காட்டு" என்றான் பையன்.

"குடும்பத்தோட மகாபலிபுரம் டூர் கெளம்பிட்டாருடா" என்றான் கூட்டாளி ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சொல்தாவும் சிரித்தார்.

அப்பா எங்களை இறங்கச் சொன்னார். அக்கா கம்பியை விடவில்லை. "நாங்க இல்லாம தோத்துடுவப்பா" என்று அழுதாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினார்.

இரண்டாவது ஓட்டத்தில் சக்கரம் புகை கக்கிக்கொண்டு சுற்றியது. திடீரென்று தரையைப் பிடித்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு வீச்சு வீசிப் போய், ஓரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன கல் உருளையில் மோதி நின்றது. பையன் எல்லையைத் தாண்டி, வளைந்து வந்து பார்த்தான். "சே, பாவம்" என்றான். போய்விட்டான். அடுத்த வாரம் பிரான்சுக்கே போய்விட்டான். மெட்ராஸில் அப்படி ஒரு மாமா இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. கார் பழைய இரும்புக்கடைக்குப் போனது. அம்மா பென்ஷன்காரர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அப்பா அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. எந்த வேலைக்கும் போகவில்லை.

அன்று வண்டி மோதியதும் நாங்கள் ஓடிப் போனபோது அப்பா காருக்கு வெளியே நின்றிருந்தார். நெற்றியில் சின்னக் காயம், அவ்வளவுதான். பின்பக்கத்து இடது கதவு உள்ளே மடங்கி, தகரத் தரையோடு தரையாக ஒட்டியிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்பா அசையாமல் நின்றார். கார் போய்விட்டதே என்ற கவலை என்று நினைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"நாங்க உள்ள இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பப்பா" என்றேன்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.