நாலு கம்பியும் நாற்பது அண்டாவும்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிப்பது, கல்யாணப் பந்தலில் மூங்கிலாக நிற்பது போன்ற வேலை; சாயும்வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நீங்களும் பேஸ் வாசிப்பவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாசிக்காதவர் என்றாலும் பரவாயில்லை. குடும்பப் புகைப்படங்களில் எப்போதும் படம் எடுப்பவராகவே இருந்திருக்கிறீர்களா? பள்ளி நாடகத்தில் திரை இழுத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

என் சொந்த ஊர் அமராவதிபுதூர். பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் காரைக்குடியில் ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறேன். குழுவின் தலைவர் சேது அண்ணன், கீபோர்டு வாசிப்பவர். மைக், ஸ்பீக்கர் எல்லாம் பாண்டியின் பொறுப்பு. இந்த இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். போன வருடம் இவர்கள் இருவரும் சேர்ந்து, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, என் நாற்காலியை ஆட்டிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே விளங்காது.

மீதி இரண்டு கம்பி

சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிடாருக்கு நாலு. நாலும் தடிமனானவை, சத்தமும் கீழே இருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அரியக்குடியில் ஒரு காதுகுத்து விழா. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து நின்று, மூன்று பாட்டு முடியும்வரை என் கையை மட்டுமே பார்த்தார். பாடகியைப் பார்க்கவில்லை, டிரம்ஸைப் பார்க்கவில்லை. எனக்கு இப்படி நடந்ததே இல்லை. உற்சாகத்தில் தேவையில்லாத இடத்தில்கூட இரண்டு சுரம் சேர்த்து வாசித்தேன். இடைவேளையில் மேடை ஏறி வந்தார். பக்கத்திலிருந்த லீட் கிடாரின் கம்பிகளை விரல் விட்டு எண்ணினார். பிறகு என்னுடையதை எண்ணினார். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூச்சப்படாதீக. நாளைக்குக் கடைக்கு வாங்க. நம்மகிட்ட எல்லா அளவுலயும் கம்பி கெடக்கு. அறுந்துபோன ரெண்டையும் போட்டு விட்டுர்றேன்."

அடுப்பில் ஏறிய கம்பி

கருவிகளைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். ஐந்து கம்பி பேஸ் எனக்குப் பிடிக்காது. ஐந்தாவது கம்பி என்று ஒன்று இருந்துவிட்டால் அதைத் தொட்டே ஆகவேண்டும் என்று தோன்றும். புதுக் கம்பியும் பிடிக்காது; புதுச் செருப்பு மாதிரி, நடப்பவரைவிட அதிகமாகப் பேசும். ஆறு மாதம் ஓடிய கம்பிதான் கம்பி. ஆனால் ஒரு வருடம் தாண்டினால் விரலின் எண்ணெயும் வியர்வையும் ஏறி, சாக்குக்குள்ளிருந்து வருவது போல் சத்தம் மங்கிவிடும். அப்போது கம்பிகளைக் கழற்றி, வளையமாகச் சுற்றி, தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துடைத்து மாட்டுவோம். இன்னும் மூன்று மாதம் உழைக்கும். எங்கள் தொழிலில் இது சகஜம். எங்கள் வீட்டில்தான் இன்னும் சகஜமாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கம்பி கொதித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை வந்தாள். நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தாள். மெதுவாக மூடினாள். அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

"ஏங்க்கா, மச்சான் முறுக்கைப் பிழிஞ்சு தண்ணியில போட்டிருக்காக. எண்ணெய் தீந்துபோச்சுன்னு ஒரு போன் போட்டிருந்தா வாங்கியாந்திருப்பேன்ல?"

எனக்குப் பிடித்த குழு

கல்லூரி மலருக்காக ஒரு மாணவி என்னைப் பேட்டி எடுத்தாள். உண்மையில் அவள் தேடி வந்தது எங்கள் பாடகரை. அவர் வர நேரமானதால் என்னைக் கேட்டாள். "உங்களுக்குப் பிடித்த பேண்டு எது?" நான் வெளிநாட்டுப் பெயராகச் சொல்வேன் என்று செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தாள். எங்கள் ஊர்த் திருவிழாச் சப்பரத்துக்கு வரும் பேண்டு செட்டு என்று சொன்னேன். செல்போன் கொஞ்சம் இறங்கியது.

அந்தக் குழுவில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், வயிற்றோடு அணைத்துப் பெரிய பித்தளைக் குழல் ஒன்றை ஊதுவார். மற்றவர்கள் பாட்டை எங்கெங்கோ கொண்டுபோவார்கள். இவர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டே சுரம் ஊதுவார். ஒரு வருடம் நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். கூட்டத்தில் ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருடைய காலும் அவர் சொன்னபடிதான் விழுந்தது. சப்பரம் நின்றதும், மூன்றாவதாக ஒரு சுரம் ஊத ஆசை வந்ததே இல்லையா என்று கேட்டேன். குழலைக் கவிழ்த்து, ஊதி ஊதி உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு காலுக்கு ரெண்டு போதும்ண்ணே. மூணாவது ஊதுனா சப்பரம் தூக்குறவுக தடுமாறுறாக."

அதிர்ந்த வீடு

பேஸின் சத்தம் காதுக்குள் நுழையக் கூடாது, தரை வழியாகக் காலில் ஏற வேண்டும் என்பது என் கட்சி. அதற்காகவே சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அதை மேடைப் பலகையில் வைக்கமாட்டேன், தரையில்தான்.

போன வருடம் தை மாதம் இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். அண்டாவே நாற்பது இருக்கும். குடம், தூக்கு, தட்டு, டம்ளர் என்று சுவர்வரை எவர்சில்வர். முதல் பாட்டில் தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தேன். எதிரே அத்தனை பாத்திரமும் ஒரே குரலில் 'ங்ங்ங்' என்றன. விரலை எடுத்தேன், அடங்கின. வைத்தேன், எழுந்தன. பெண்ணின் தாயார் மெய்யம்மை ஆச்சி எழுந்து போய், காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பது போல ஒவ்வொரு அண்டாவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். டிரம்ஸைத் தாண்டி, சேது அண்ணனைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தார். என் வாசிப்பை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

"தம்பி, நல்லாத்தான் வாசிக்கிறீக. அந்த ஒண்ணை மட்டும் தொடாம வாசிங்க. சாமான் பூராவும் எந்திரிச்சு வந்துரும்போல இருக்கு."

பாண்டியின் வரிசை

அதற்கு அடுத்த மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழா. வேனில் பிள்ளைகளின் நடன உடைகள் ஏறிவிட்டதால் என் பெட்டிக்கு இடமில்லை. பேஸை நேரடியாகப் பாண்டியின் மிக்ஸரில் செருகிக்கொண்டேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பட்டன். மேலே தள்ளினால் சத்தம் வரும், கீழே இழுத்தால் வராது. ஒன்பது பாட்டு வாசித்தேன். எனக்கு என் சத்தம் கேட்கவில்லை. ஆனால் மேடையில் எனக்கு என் சத்தம் கேட்காதது புதிதல்ல என்பதால் சந்தேகம் வரவில்லை.

சாமான்களைக் கட்டும்போதுதான் பார்த்தேன். மிக்ஸரில் என் பட்டன் அடியோடு கீழே கிடந்தது. ஒன்பது பாட்டும் அங்கேயேதான் கிடந்திருக்கிறது. பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நல்லவன், பொய் சொல்லமாட்டான். சற்றுத் தள்ளி ஒயர் சுற்றிக்கொண்டிருந்த சேது அண்ணன், சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையேண்ணே," என்றான் பாண்டி. "நீங்களே இப்பத்தான சொல்றீக?"

இடது கை

பத்து நாளில் சேது அண்ணன் புதுக் கீபோர்டு வாங்கிவிட்டார். இடது பக்கக் கட்டைகளை பேஸ் சத்தத்துக்கு ஒதுக்கிவிடலாம். வலது கை பாட்டை வாசிக்க, இடது கை என் வேலையைப் பார்த்துக்கொள்ளும். டீக்கடைக்கு என்னை அழைத்துப்போய், வடையும் வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

"ஜெயராஜு, உன்னை வேணாம்னு சொல்லலை. அடுத்த கச்சேரியில மட்டும் இடது கையை வச்சுப் பாப்போம். சரியா வந்துச்சுன்னா அப்புறம் பேசிக்கிருவோம். ஆனா நீ வந்துரு. நாலு வாத்தியம்னு ஒத்துக்கிட்டிருக்கேன், மேடையில நாலு பேர் தெரியணும். ஒயரை மட்டும் சொருகாத."

வாசிப்பது போல் நடிக்க வேண்டும் என்பது எனக்கு அவமானமாகக்கூடத் தோன்றவில்லை. ஒன்பது பாட்டு ஏற்கெனவே அப்படித்தான் வாசித்திருந்தேன். அதன் பிறகு வரும் சனிக்கிழமைகளில் நான் எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக யோசிக்காத விஷயம் அது. வீட்டில் ஒன்றும் சொல்லாமல் குழுவின் நீலச் சட்டையை எடுத்துத் தேய்த்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தேன் போலிருக்கிறது. ஸ்டெல்லா கேட்டாள், சொன்னேன். அவள் சட்டையை வாங்கிக் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாசிக்காம நிக்கிறதுக்கும் இதே சட்டைதானா?"

மறுபடியும் அந்த வீடு

அடுத்த கச்சேரி அதே வீட்டில். இரண்டாவது பெண்ணின் கல்யாணம். அதே வளவு, எதிரே புதிய நாற்பது அண்டா. என் பெட்டியை வேனிலிருந்து இறக்க வேண்டாம் என்று சேது அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை, நாலு வாத்தியம் தெரிய வேண்டுமென்றால் பெட்டியும் தெரிய வேண்டாமா என்றேன். இறக்கித் தரையில் வைத்தேன். ஒயரைச் சொருகவில்லை.

முதல் பாட்டு தொடங்கியது. இடது கை நன்றாகவே வாசித்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். நானும் ஒரு சுரம் விடாமல் வாசித்தேன். யாருக்கும் கேட்காது என்பதால் என்றைக்கும் இல்லாத கவனத்தோடு வாசித்தேன். பல்லவி முடிவதற்குள் வாசலில் ஒரு பெரியவர் நுழைந்தார். சேது அண்ணன் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் கூடப் படித்தவர்கள். தெரிந்தவர் வந்தால் கும்பிட வேண்டும். ஒரு கையால் கும்பிட்டால் மரியாதையில்லை. இரண்டு கையும் எழுந்தன. பாட்டும் போனது, பேஸும் போனது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் லீட் கிடாரும் நின்றது. டிரம்ஸ் மட்டும் அநாதையாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாடகி திரும்பிப் பார்த்தாள். முன்பெல்லாம் அவர் கும்பிடும்போது கீழே நான் ஓடிக்கொண்டிருப்பேன். அதனால் யாருக்கும் தெரிந்ததில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதல் பாட்டில் நாலு கும்பிடு, இரண்டாவதில் ஏழு. மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் வரத் தொடங்கினார்கள்.

மெய்யம்மை ஆச்சி என் பக்கமாக வந்தார்.

"என்ன தம்பி, போன தடவை மாதிரி அதிரும்னு காலையிலயே அண்டாவுக்கு அண்டா பேப்பரை மடிச்சுச் சொருகி வச்சேன். மூச்சையே காணோம். உடம்புக்கு முடியலையா?"

சொருகாத ஒயரின் நுனியைக் காட்டினேன். சேது அண்ணன் வாசித்துக்கொண்டே எட்டிச் சொன்னார். "அதையும் நாந்தான் ஆச்சி இடது கையில வாசிக்கிறேன்." சொல்லி முடிக்கவும், மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசல்படி ஏறவும் சரியாக இருந்தது. இரண்டு கையும் எழுந்தன. இந்த முறை டிரம்ஸும் நின்றுவிட்டது. வளவு முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஆச்சி சாதாரணமாகப் பேசியதே கடைசி வரிசைவரை கேட்டது.

"சேது, நீங்க வாரவுகளைக் கும்பிடுங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? இந்தத் தம்பி வாசிக்கட்டும்."

ஒயரைச் சொருகியது நானில்லை, பாண்டி. சேது அண்ணன் தலையசைப்பதற்கு முன்பே சொருகிவிட்டான். தடித்த கம்பியில், மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தேன். அண்டாக்கள் பேப்பரைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தன. ஆச்சி மறந்துபோன ஏதோ ஒரு டம்ளர் மட்டும் 'ங்ங்' என்று எழுந்தது. சட்டென்று விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் அதற்குள் பந்தி பார்க்கக் கிளம்பியிருந்தார். திரும்பாமலே கையை ஆட்டினார்.

"அது கெடக்கட்டும் தம்பி. நீங்க வாசிங்க."

ஆகவே சக பேஸ்காரர்களே, நம் நாற்காலி நிலைப்பதற்கு நாம் நன்றாக வாசிப்பதைவிட, குழுத் தலைவருக்குச் சொந்தபந்தம் நிறைய இருப்பதுதான் முக்கியம்.