ஒரு சுற்று பாக்கி

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்த பிறகு வந்த ஆண்டுகளில் ஒன்று. எல்லைக் கோடு எங்கே விழும் என்பதுதான் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அந்தச் சமயத்தில் மாநிலம் முழுவதற்குமான ஓட்டப்பந்தயப் போட்டிகளை எங்கள் சித்தூரில் நடத்தினார்கள்.

மூன்று நாள் ஊரே வேறு ஊராக இருந்தது. பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வீரர்கள் படுத்தார்கள். வேலூர் பஸ்ஸிலும் திருப்பதி பஸ்ஸிலும் கூரை மேல்கூட ஆட்கள். சவுக்குக் கழிகளைக் கட்டி எழுப்பிய காலரி தாங்குமா என்று எனக்குப் பயம். அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நான் அப்போது சென்னை தினசரி ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சரியாக எழுதுகிறவர் என்று சொல்லி, கடைசி நாள் நடந்த இருபத்தைந்து சுற்று ஓட்டத்துக்குச் சுற்று எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முதலில் ஓடுகிறவர் எல்லையைத் தாண்டும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுத வேண்டும். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிக்க வேண்டும். எனக்கு உள்ளூரப் பெருமை.

ஜெயிப்பவர் அகில இந்தியப் போட்டிக்குப் போவார். முன்னால் ஓடியவர் எங்கள் மாவட்டத்துக்காரர். அப்போது திருத்தணியும் எங்கள் மாவட்டம்தான். அந்தப் பக்கத்துத் தமிழ் விவசாயி அவர். முப்பதடி பின்னால் ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்த தெலுங்குக்காரர். இருவருமே வெறுங்கால். காலரியில் பாதி ஒரு பாஷையிலும் பாதி இன்னொரு பாஷையிலும் கத்தியது.

ஸ்ரீகாகுளத்துக்காரர் இடது கையை மூடியபடியே ஓடினார். ஏதோ பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் மேஜையருகே சுண்ணாம்புக் கோட்டின் மேல் புளியங்கொட்டைகள் கிடந்தன. யாரோ வேலையற்றவர்கள் எறிகிறார்கள் என்று எரிச்சலோடு காலால் ஒதுக்கினேன்.

பாதிக்கு மேல் போன பிறகு மந்திரியின் கார் மைதானத்துக்குள் வந்தது. பாண்டு முழங்க எல்லோரும் எழுந்தார்கள். செய்திக்கு வேண்டுமே என்று அதையும் ஓரமாகக் குறித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது பச்சை பனியன் ஒன்று எல்லையைத் தாண்டியது. எங்கள் மாவட்டத்து பனியன். ஒரு கோடு போட்டேன்.

பிறகு என் தாளில் இருபத்துநான்காவது கோடு விழுந்ததும் மணி அடித்தேன். திருத்தணிக்காரர் உயிரைக் கொடுத்து ஓடி வந்து நூலை அறுத்தார். மாலை போட்டார்கள். பின்னால் வந்த ஸ்ரீகாகுளத்துக்காரர் நிற்கவில்லை. எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தார்.

காலரி சிரித்தது. "முடிஞ்சி போச்சு நைனா. இப்பிடியே ஓடிக்கினே ஊருக்குப் போயிடப் போறியா?" என்று ஒருவர் கத்தினார். நானும் சிரித்தேன். அந்த மனிதர் யாரையும் பார்க்காமல், வேகத்தையும் குறைக்காமல், அந்தப் பெரிய மைதானத்தைத் தனியாக ஒரு முறை சுற்றி வந்து என் மேஜை முன்னால் நின்றார். இடது கையைத் திறந்து கடைசிப் புளியங்கொட்டையைக் கீழே போட்டார்.

"இங்கொக சுட்டு உந்தி சார்" என்றார். இன்னும் ஒரு சுற்று இருந்தது, அதை இப்போதுதான் முடித்தேன் என்று தெலுங்கில் பணிவாகவே சொன்னார். சுற்றுக்கு ஒன்றாக இருபத்தைந்து கொட்டைகள் எடுத்து வந்தாராம்.

மண்ணில் குனிந்து தேடினேன். இருபத்துநான்கு கிடைத்தன. இன்னொன்று என் செருப்புக்கு அடியில் இருந்தது.

அப்புறம்தான் தாளைப் பார்த்தேன். பதினேழாவது கோட்டுக்கும் பதினெட்டாவது கோட்டுக்கும் இடையில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. மந்திரி வந்த நேரம் அது. நான் பார்த்த பச்சை பனியன், கால் சுற்றுக்கு மேல் பின்தங்கி, பிறகு காலைப் பிடித்துக்கொண்டு விலகிவிட்ட இன்னொருவர்.

தலைமை நடுவரிடம் காட்டினேன். அவர் காலரியைப் பார்த்தார். "தாள்ல இருபத்தஞ்சு இருக்கு. அதோட விடுங்க. இன்னைக்கு இருக்கிற நெலமையில இதக் கௌறினா ஊர் தாங்காது" என்றார். அவர் பயமும் நியாயம்தான். ஒரு தமிழன் எண்ணியதில் ஒரு தமிழன் ஜெயித்திருந்தான். அந்தத் தாளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

திருத்தணிக்காரர் மாலையோடு தரையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன். என் எண்ணிக்கை தப்பு, ஒரு சுற்று பாக்கி, ஸ்ரீகாகுளத்துக்காரர் அதை ஓடி முடித்துவிட்டார் என்று சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"முடியாத ஓட்டத்துக்கா சார் மாலயப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்கேன்?" என்றார். மாலையைக் கழற்றி மடியில் வைக்கக்கூட இல்லை, என் கையில் கொடுத்தார். தொடையை இரண்டு முறை தட்டிக்கொண்டு எழுந்து எல்லைக் கோட்டுக்குப் போனார்.

ஓட ஆரம்பித்தார்.

முதல் வளைவு வரை காலரிக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமை நடுவர் வேறு வழியின்றி, ஒரு சுற்று பாக்கி என்று ஒலிபெருக்கியில் சொன்ன பிறகு கல்லெறி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கல்லும் விழவில்லை. அவர் நொண்டிக்கொண்டு ஓடிய பக்கமெல்லாம் வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து நின்றார்கள். எந்தப் பாஷையிலும் சத்தம் இல்லை. அவர் காலடி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சுற்று முழுவதும் ஸ்ரீகாகுளத்துக்காரர் உட்காராமல் எல்லையிலேயே நின்றிருந்தார். திருத்தணிக்காரர் வந்து சேர்ந்ததும் அவர் தோளில் கைபோட்டு நிழலுக்கு நடத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் நான் அனுப்பிய செய்தியில் முதலாவது, இரண்டாவது வந்தவர்கள் சரியாக இருந்தார்கள். "சுற்றுக் கணக்கில் சிறு குழப்பம்" என்று ஒரு வரியும் இருந்தது. யாருடைய குழப்பம் என்று இல்லை.

பிறகு எல்லை முடிவாகித் திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. சித்தூர் இந்தப் பக்கமே நின்றது. இதை எழுதி முடிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தப்பு என்னுடையது என்று எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று, மாலையைக் கழற்ற அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.