எல்லையம்மன் கொடுத்த இரண்டு கிலோமீட்டர்

சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு என் மனைவி மல்லிகாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. வேப்பம்பட்டில் எங்கள் வீட்டின் பின்புறம் மோட்டார் போடப் போனவள். வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். பாம்பை நானும் பார்த்தேன். சந்தேகப்பட இடமே இல்லை.

நடந்ததைச் சேக்காட்டு எல்லையம்மன் கோவில் வாரவழிபாட்டில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன். அதனால் எழுதித் தருகிறேன். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். தெருமுனைச் சிறுபாலம் முந்தின வார மழையில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பைக் போகும், பெரிய வண்டி வராது. "மெயின் ரோடு வரைக்கும் எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க சார், நாங்க அங்க ரெடியா நிக்கிறோம்" என்றார்கள். மெயின் ரோட்டுக்கு ஏரிக்கரை வழியாக மூன்றரை கிலோமீட்டர். சுற்றிலும் காலி மனைகள். உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை.

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பாளன். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறேன். கடித்த காலை இறுக்கிக் கட்டவில்லை. அவளை ஓர் அடிகூட நடக்க விடவில்லை. தூக்கி பைக்கில் உட்காரவைத்து, விழாமல் இருக்க என் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏரிக்கரை நடுவில் வண்டி இரண்டு முறை திணறி நின்றுவிட்டது.

நான் பதறவில்லை. என் பைக்கில் பெட்ரோல் முள் கிடையாது. டேங்குக்கு அடியில் பெட்ரோல் டேப் இருக்கும். அதன் மேல்முனையில், டேங்குக்குள்ளே நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்னக் குழாய். டேப் 'ஆன்' பக்கம் இருந்தால் அந்தக் குழாயின் வாய்க்கு மேலே உள்ள பெட்ரோல்தான் இறங்கும். அது தீர்ந்து வண்டி திணறினால், 'ரிசர்வ்' பக்கம் திருப்ப வேண்டும். அடியில் மிச்சமிருப்பது இறங்கும். டேங்கை நிரப்பினால் என் வண்டி நானூறு கிலோமீட்டரில் திணறும். அதற்கு மேல் ரிசர்வில் அறுபது. பதினோரு வருடக் கணக்கு, ஒருநாளும் பிசகியதில்லை. ஆகவே டேப்பைத் திருப்பி உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். பத்துப் பதினைந்து தடவை இருக்கும்.

முதுகுக்குப் பின்னாலிருந்து மல்லிகா சொன்னாள்: "உதைக்காதீங்க. அதுல ரிசர்வ் இல்ல."

"என்ன உளர்ற?"

"சேகர் டேப்பு மாத்தும்போது உள்ள இருக்கிற குழாய ஒடச்சிட்டான். அன்னிக்கே எங்கிட்ட சொன்னான். நான்தான் உங்ககிட்ட சொல்லாதடான்னேன்."

சேகர் அவளுடைய தம்பி. லேத் வேலை செய்பவன். ஒரு மாதத்துக்கு முன்னால் டேப்பில் பெட்ரோல் கசிந்தது. "மெக்கானிக் எதுக்கு மாமா, நான் இருக்கேன்ல" என்று வண்டியை எடுத்துப் போனான். சாயங்காலம் கொண்டுவந்து விட்டபோது டேங்க் நிறைய பெட்ரோலும் போட்டிருந்தான். பாசம் என்று நினைத்தேன். குழாய் உடைந்தால் 'ஆன்' பக்கத்திலேயே அடி வரைக்கும் இறங்கிவிடும், முன்கூட்டித் திணறி எச்சரிக்காது, முழுதும் தீர்ந்த பிறகுதான் திணறும் என்பது அவனுக்குத் தெரியும். நானூறு தாண்டியும் வண்டி திணறவில்லையே என்று பாம்பு கடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன். சிரித்தான். "கார்புரேட்டரையும் டியூன் பண்ணேன்ல மாமா, மைலேஜ் ஏறிடுச்சு. எங்க அக்காவ கட்டிக்கினதுக்கு இதுகூடக் கிடைக்கலன்னா எப்படி?" அப்போது மல்லிகா பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அன்றைய நாட்குறிப்பில் நான் சந்தோஷமாக எழுதினேன்: மைலேஜ் கூடியிருக்கிறது, சேகர் கைராசிக்காரன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்களா? ஏரிக்கரையில், விஷம் ஏறிக்கொண்டிருக்கும் மனைவியை முதுகில் கட்டிக்கொண்டு, எனக்கு முதலில் வந்த எண்ணம் இதுதான். வெட்கத்தோடு எழுதுகிறேன். அவள் உயிர் அல்ல, என் ஏமாற்றம்தான் முதலில் வந்தது. "நீயே இப்படிச் செய்வியா?" என்று கத்தினேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. ஈறில் ரத்தம் கசிந்து என் சட்டைக் காலரில் பட்டது.

அப்போதுதான் கும்பிட்டேன். மந்திரம் எதுவும் வரவில்லை. "தாயே, என்னை ஏமாத்தினவதான். ஆனா எனக்கு அவ வேணும். இந்த வண்டியை ரோடு வரைக்கும் தள்ளிவிடு." இவ்வளவுதான் கேட்டேன். வாய்விட்டு, அழுதுகொண்டே கேட்டேன்.

கரைக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா நைனா, யாராண்ட பேசிக்கினு கீற?"

தூண்டிலும் கையுமாக ஓர் ஆள் மேலே ஏறி வந்தார். இடுப்பு வரை ஈரம். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாம்பு கடித்ததைச் சொன்னேன், பெட்ரோல் தீர்ந்ததைச் சொன்னேன். தூண்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"வண்டிய சாச்சியா?"

"சாய்க்கிறதா?"

"டேங்கு அடில நடுவுல மேடு கீது நைனா. டேப்பு இந்தாண்ட, அந்தாண்ட பக்கம் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிக்கும். யக்காவ இறக்கு."

துண்டை அவிழ்த்து, மல்லிகாவைத் தூக்கிக் கரையோரம் உட்காரவைத்தேன். அவர் ஒரே ஆளாக வண்டியை டேப் இருக்கும் பக்கமாகத் தரை வரைக்கும் சாய்த்தார். உள்ளே பெட்ரோல் தளும்பி இந்தப் பக்கம் வரும் சத்தம் எனக்குக் கேட்டது. அதுபோல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"படிச்ச ஆளு, இது தெரியாதா? நாங்கல்லாம் வருஷம் பூரா ரிசர்வுக்குக் கீழதான் ஓட்டிக்கினு கீறோம். உதை இப்ப!"

மூன்றாவது உதையில் கிளம்பியது. "நீ ஓட்டு அண்ணாத்தே, யக்காவ நான் புட்சிக்கிறேன்" என்று அவளைத் தூக்கி நடுவில் உட்காரவைத்து, தானும் பின்னால் ஏறி, செருப்பில்லாத கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, மல்லிகா சரியாமல் இரு கைகளாலும் அணைபோட்டுக்கொண்டார். "யக்கா, தூங்காத! உன் ஊட்டுக்காரன் வண்டி ஓட்றத பாரு, ஆமை தோத்துரும்!" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாதி மயக்கத்தில் அவள் "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் கண்ணில் தெரிந்தபோது வண்டி மறுபடி நின்றது. எட்டுப் பத்துக்கு அவளை ஏற்றினார்கள். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். "இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர். ஆறாம் நாள் அவள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

சேகர் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மல்லிகாவிடம் மட்டும் கேட்டேன்: "ஏன் மறைச்ச?"

அவள் சண்டை போடவில்லை. "சொன்னா எழுதுவீங்க. எழுதினத பொங்கலுக்கு எல்லாரையும் உக்காரவெச்சுப் படிப்பீங்க. அவன் உங்க மழைக்கோட்டத் தொலைச்சத நாலு வருஷமாப் படிக்கிறீங்க. நான் பால் பொங்கவிட்டது தேதியோட இருக்கு. புதுக் குழாய் வாங்கி மாட்டிடுறேன்னு சொன்னான். அதுக்குள்ள உங்களுக்குத் தெரிய வேணாம்னு நினைச்சேன்."

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதத்தான் ஆசை. முழுதாக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்தவளின் குனிந்த தலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அவர்கள் செய்தது பொய் என்றால், அந்தப் பொய் வளர இடம் கொடுத்தது நான். இரண்டையும் அம்மன் முன்னால் வைத்துவிட்டேன். நாட்குறிப்பு இன்னும் எழுதுகிறேன். யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை.

போன வாரம் வேலை நேரத்தில் மல்லிகா போன் செய்தாள். "ஏங்க, உங்க படிக்கிற கண்ணாடி மேல உக்காந்துட்டேன். ரெண்டு துண்டாயிடுச்சு." குரலில் நடுக்கம் இல்லை. ஸ்டோரில் எல்லோரும் பார்க்க, நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது எனக்கு. "சரிம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றேன்.

அடியார்களே, ஆபத்தில் அம்மனைக் கூப்பிடுங்கள். ஏரிக்குள்ளிருந்துகூட ஆள் அனுப்புவாள், நான் கண்டேன். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வீட்டில் இருப்பவர்கள் நம்மிடம் பயமில்லாமல் உண்மை பேசும்படி நம்மை மாற்று என்று. அதற்கும் அவள் செவி சாய்ப்பாள்.