சிஸ்டர் எழுதிய இரண்டாவது கட்டுரை

வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். மருத்துவமனையில் பல வருடமாகச் செவிலியர் வேலை. மகன் பட்டம் வாங்கிய பிறகு, அவன் படித்த அதே பல்கலைக்கழகத்தில், அதே பொதுச் சுகாதாரப் படிப்பில், வார இறுதி வகுப்புக்குச் சேர்ந்தார்.

முதல் மாதம் பெரும்பாடு. பாடம் நடக்கும்போதே கைப்பேசி அலறும். "ஊசி போட்டாச்சா? காய்ச்சல் இறங்குச்சா?" என்று உட்கார்ந்த இடத்திலேயே விசாரிப்பார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரைவிட வயதில் சின்னவரான பேராசிரியை ஒருநாள் பாடத்தை நிறுத்தினார். "சிஸ்டர், உங்க வார்டுல நான் வந்து இப்படிச் சத்தமாப் பேசினா விடுவீங்களா?"

மறுவாரத்திலிருந்து கைப்பேசி பைக்குள் வாய்மூடிக் கிடந்தது.

கட்டுரைதான் மிரட்டியது. 'நீங்கள் வசிக்கும் இடத்தின் தண்ணீர் வசதி.' பேனாவை எடுத்தாலே கொட்டாவி.

"என்னுது இருக்கும்மா, பேரை மட்டும் மாத்திக் குடு" என்றான் மகன்.

இரட்டை ஷிஃப்ட் பார்த்த அசதியில், படித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.

பேராசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டுத் தாளை விரித்தார். "'காலையில் முகச்சவரம் செய்ய எங்கள் விடுதிக் குழாயடியில் முண்டியடிப்போம்.' சிஸ்டர், நீங்க எந்த விடுதியில இருந்தீங்க?"

சிஸ்டருக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடியே கண் கலங்கியது. "என் பையன் எழுதினது மேடம். குடுத்தது அவன், பேரைப் போட்டது நான்தான்."

"இதுக்குப் பூஜ்யம். எச்சரிக்கையும் எழுதி வைப்பேன். வேற எழுதிக் குடுங்க, ஆனா ஐம்பதுக்கு இல்ல, பாதி மார்க்குக்குத்தான் திருத்துவேன்."

"எழுதறேன் மேடம்."

விஷயம் தெரிந்து மகன் துடித்துப்போனான். "இந்தத் தடவை புதுசாவே எழுதித் தர்றேன்மா."

"நீ செஞ்ச உதவி போதும்டா சாமி! எழுத்துப்பிழை இருந்தா கோடு மட்டும் போடு. திருத்தறது நான்."

விடுமுறை நாளில் தங்கள் குடியிருப்பின் படிகளில் ஏறி இறங்கினார். கீழ்வீட்டு மோட்டார் ஓடினால் மூன்றாம் மாடிக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. "நம்ம பில்டிங்கைப் பத்தியா எழுதறீங்க?" என்று ஒவ்வொரு கதவும் திறந்தது. புலம்பல் கொட்டியது. அடித்து அடித்து எழுதியதில் முழங்கையெல்லாம் மை.

இருபத்தைந்துக்குப் பதினேழு கிடைத்தது.

"கம்மிதான், இல்லம்மா?" என்றான் மகன் தயக்கமாக.

"கம்மியா? அத்தனையும் என்னோடதுடா!" என்று தாளைத் தானே இன்னொரு முறை வாசித்துக் காட்டினார்.

கீழ்வீட்டுக்காரருக்குத்தான் கவலை. அடுத்த கட்டுரை எதைப் பற்றி என்று, படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.