பியூலாவின் மீன் தொட்டி

எங்கள் தெருவில் பியூலாவின் போன் அடித்தால் எங்கேயோ யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். ராஜபாளையத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவள் அவள். மம்சாபுரம், வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எந்த ஊரில் எழவு விழுந்தாலும் அவளுடைய கண்ணாடிப் பெட்டிதான் போக வேண்டும். நான் நவநீதகிருஷ்ணன், பக்கத்துக் கடையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். கல்யாண வீட்டுக்காரர்கள் எங்கள் இருவரையும் கண்டால் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவார்கள். என்னையாவது பிறந்தநாள் ஃப்ளெக்ஸுக்குத் தேடி வருவார்கள். அவளை எவன் தேடுவான்?

இத்தனைக்கும் அவள் சென்னையில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிற வேலை. அப்பா சாம்சன் பக்கவாதத்தில் விழுந்ததும் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தாள். அந்த லீவு பதினோரு வருடம் ஓடிவிட்டது. சாம்சனும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருடைய பெட்டிகள் மட்டும் இவள் தலையில். வயது முப்பத்தெட்டு. பெண் பார்க்க வந்த மூன்று பேரும் வாசலில் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஒருத்தன் காபியைக்கூடத் தொடவில்லை, மடப்பயல்.

போன மாசி மாதம் எங்களுக்குத் தெரியாமல் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலை. இன்டர்வியூவில், "நடுவில் பதினோரு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்களாம். "ஒரு ஆப் நின்றுபோனால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். என் பெட்டி நின்றுபோனால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை சோதித்துத்தான் அனுப்புவேன். பதினோரு வருடத்தில் ஒன்றுகூட நின்றதில்லை" என்றிருக்கிறாள். வேலை உறுதியாகிவிட்டது. விலாசத்தையும் தொழிலையும் நேரில் வந்து சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி. இதில் ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னாளா? கடைசியில் கிடைக்காமல் போனால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அந்தக் கூத்தே நடந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் தோளில் பையுமாக ஒருவன் அழகுத்தாயின் டீக்கடைக்கு வந்தான். பெயர் மாரிசெல்வம், மதுரைக்காரன். பியூலா அப்போது மம்சாபுரத்துக்குப் பெட்டி கொண்டு போயிருந்தாள்.

"இந்தத் தெருவுல பியூலான்னு ஒருத்தங்க இருக்காங்களா? எத்தன வருசமா இருக்காங்க? ஆளு எப்படி?" என்று கேட்டான்.

"நீங்க யாரு தம்பி?" என்றாள் அழகுத்தாய்.

"எங்கருந்துன்னு சொல்லக் கூடாதுக்கா. பயப்படாதீங்க, நல்ல விசயந்தான்."

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி டீக்கடையில் வந்து விசாரித்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. நாங்களும் அப்படித்தானே எங்கள் வீட்டுக்குப் பெண் எடுத்தோம்? யார் அனுப்பியது என்று சொல்லாமல்தான் விசாரிப்பார்கள். கேட்கப்படுகிற தெருக்காரர்கள் குறையை மறைத்து நிறையைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அழகுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. டீ ஆற்றுகிற சாக்கில் என் பக்கம் திரும்பி, "ஏ அண்ணாச்சி, வந்துட்டாகய்யா! போர்ட மறைய்யா!" என்று கிசுகிசுத்தாள்.

நான் ஓடினேன். 'சாம்சன் ஃப்ரீசர் பாக்ஸ் சர்வீஸ்' என்ற போர்டின் மேல் கையில் கிடைத்த பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸைக் கட்டினேன். பஞ்சர் கடை சோணைமுத்து, வாசலில் கிடந்த இரண்டாவது பெட்டியைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரை இரண்டு வாளி மோந்து பெட்டிக்குள் ஊற்றிவிட்டான்.

மாரிசெல்வம் வந்து பார்த்தான். "இது என்னங்க?"

"மீன் தொட்டி" என்றான் சோணைமுத்து.

"ஆறரை அடிக்கு மீன் தொட்டியா?"

"புள்ளைக்கு மீனுன்னா உசுரு."

"மீனக் காணோமே?"

"வாங்கத்தான் போயிருக்கு."

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. வயது என்ன என்றான், இருபத்தொன்பது என்றாள் அழகுத்தாய். என்ன தொழில் செய்கிறார் என்றான். "தொழிலா? வாசப்படி தாண்டாத புள்ள தம்பி. உக்காந்து திங்கதுக்கே அவுக அப்பா அம்புட்டு வச்சிட்டுப் போயிருக்காரு" என்றேன் நான். ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டு, எங்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் அழகுத்தாய் எல்லோருக்கும் ஓசியில் வடை கொடுத்தாள். அதிலேயே தெரிய வேண்டாமா எவ்வளவு சந்தோஷம் என்று!

வியாழக்கிழமை பியூலா டீக்கடைக்கு வந்தாள். போனில் வந்திருந்த அறிக்கையைச் சத்தமாக வாசித்தாள். "வயது இருபத்தொன்பது. இதுவரை எந்த வேலைக்கும் சென்றதில்லை. ஃப்ரீசர் பாக்ஸ் தொழில் எதுவும் காணப்படவில்லை. மீன் வளர்ப்பில் ஆர்வம் உள்ளவர். அக்கம்பக்கத்தார் ஒருமனதாகப் பாராட்டுகின்றனர்."

போனை பெஞ்சில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனில இருந்து போன் பண்ணுனாங்க. 'பதினேழு வருசத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேந்ததா எழுதியிருக்கீங்க, அப்ப உங்களுக்குப் பன்னெண்டு வயசா மேடம்'னு கேக்காங்க. நான் என்ன சொல்ல அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சோம்மா" என்றேன்.

"மாப்பிள்ளையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்! பதினோரு வருசமா எல்லார் வீட்டுக்கும் போறேன். ஒரு வீட்டுல ஒரு வாய் தண்ணி குடுத்திருக்காங்களா? பெட்டிய எறக்குனதும் 'கெளம்பும்மா'ங்காங்க. உசுரோட இருக்க ஒரு மனுசராச்சும் என்னத் தேடணும்னுதான் இந்த வேலைக்குப் போட்டேன். அதையும் கெடுத்துட்டீங்களே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கம்பெனி சனிக்கிழமை வரை அவகாசம் கொடுத்திருந்தது. அன்றைக்கு மாரிசெல்வம் மறுபடி வருவான். அக்கம்பக்கத்தார் சரியாகச் சொல்ல வேண்டும், அதோடு இரண்டு வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

"என் வாடிக்கையாளர் எல்லாம் செத்துல்ல போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

செய்த பாவத்துக்கு நானும் சோணைமுத்துவும் வெள்ளிக்கிழமை முழுக்க பைக்கில் அலைந்தோம். என் கடைக் கம்ப்யூட்டரில்தான் பதினோரு வருடத்துக் கண்ணீர் அஞ்சலியும் விலாசத்தோடு கிடக்கிறதே. இரண்டு பேர் போதும், நாங்கள் நாற்பது வீட்டில் சொன்னோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் டீக்கடை வாசலில் வரிசை நின்றது. ஆளுக்கொரு இறப்புச் சான்றிதழ், மாலை போட்ட படம். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மாரிசெல்வம் கடுப்பாக வந்து இறங்கினான். "மீனு வந்துருச்சாண்ணே?" என்று சோணைமுத்துவைப் பார்த்துக் கேட்டான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் மம்சாபுரத்துச் சுடலையம்மாள்.

"இது எங்க வீட்டுக்காரரு. மக துபாய்ல இருந்து வர மூணு நாளாச்சு. மொகம் ஒரு பொட்டு வாடலைய்யா. இருக்கும்போது அப்படி இருந்ததில்ல மனுசன்."

அடுத்து வன்னியம்பட்டிக் கருத்தையா, எண்பத்திரண்டு வயது. நெஞ்சோடு மனைவியின் படத்தை அணைத்திருந்தார். "அன்னைக்கு எங்கூருல ராவு முழுக்கக் கரண்டு இல்ல. இந்தப் புள்ள வேன் பேட்டரில வயர இழுத்துக் குடுத்துட்டு, வாசல்லயே நின்னுச்சு. நாங்கூடப் படுத்துத் தூங்கிட்டேன், இது தூங்கல."

மாரிசெல்வம் படிவத்தைப் பார்த்துக் கேட்டான். "இவங்க சேவைய மறுபடியும் பயன்படுத்துவீங்களா?"

"பின்ன? அடுத்து நாந்தான."

தெருவே சிரித்தது. மாரிசெல்வமும் சிரித்துவிட்டான். "சரி தாத்தா, கையெழுத்துப் போடுங்க. இதோட அவங்க பெட்டி வேலைய விட்டுட்டு கம்பெனில சேந்துரலாம்."

பேனாவை எடுத்த கருத்தையா அப்படியே நின்றார். "விட்டுட்டா? அப்ப எனக்கு யாரு வருவா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. சுடலையம்மாள் முகம் மாறியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சான்றிதழைச் சுருட்டிக் கையில் மறைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்தேன். எங்கள் வீட்டிலும் எண்பதைத் தாண்டிய அம்மா இருக்கிறாள். போட்ட கையெழுத்தை அடித்துவிடலாமா என்று சுடலையம்மாள் கேட்டேவிட்டாள்.

வீட்டு வாசலில் நின்றிருந்த பியூலா கருத்தையாவிடம் வந்தாள். "தாத்தா, வாரத்துல ரெண்டு நாள் எனக்கு லீவு. ஒங்களுக்கு நானே வருவேன்."

"எந்தெந்த நாளு?"

"சனி, ஞாயிறு."

கருத்தையா யோசித்தார். "சனி ஆகாது தாயி, சனிப் பொணம் தொணைக்கு ஆளக் கூப்பிடும். ஞாயித்துக்கெழமையாப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வரிசை நகர ஆரம்பித்தது. சுடலையம்மாளும் தன் கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

கருத்தையா நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"ஏ புள்ள, நாளைக்கு ஞாயிறுதான? நாளைக்கெல்லாம் எனக்குச் சாகுற உத்தேசமில்ல. சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்குச் சாப்பிட வா. அன்னைக்கு ராத்திரி பூரா நின்ன புள்ளைக்கு நான் ஒரு வாய் காபி குடுக்கலயே, மூணு வருசமா அது உறுத்திக்கிட்டே கெடக்கு."

பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "எத்தன மணிக்கு வரட்டும் தாத்தா?" என்று கேட்டாள்.

பதினோரு வருடமாக அவள் போனில் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்விதான். யாரும் சாகாத ஒரு வீட்டுக்கு அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.