வயோமிங்கில் ஒரு வாடகை முகவரி

தங்கை ஜனெல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கடை போட்ட நாளிலிருந்து மார்லிஸ் கூல்மனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. மாட்டிறைச்சியை ஊறவைத்துப் புகைபோட்டு உப்புக்கண்டமாக்கும் பக்குவத்தை ஜனெலுக்குச் சொல்லிக்கொடுத்ததே மார்லிஸ்தான். மார்லிஸின் கடை பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் ஸ்காட்ஸ்பிளஃபில். ஜனெலின் கடை மாநில எல்லை தாண்டியதும் வரும் டோரிங்டனில். சரக்கும் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான்.

மார்லிஸ் வீட்டு நன்றித் திருநாள் விருந்துக்கு ஜனெல் தனியாக வந்தாள். கணவன் கிரெக் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். வான்கோழியைத் தட்டில் எடுத்துப் போட்டபடி ஆரம்பித்தாள்.

"எங்க பக்கம் மாநில வருமான வரியே கிடையாது, மார்லிஸ். கம்பெனிக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நீ பாவம், உழைச்சு உழைச்சு நெப்ராஸ்கா அரசாங்கத்துக்குக் கொட்டிக் குடுக்குற."

அதற்குமேல் மார்லிஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வாசலில் தங்கையின் புது பிக்கப் வண்டி வேறு பளபளத்தது.

மறுவாரமே, கணவனிடம்கூடச் சொல்லாமல், வயோமிங்கில் முகவரி வாடகைக்குத் தரும் ஒருவர் மூலம் தன் கம்பெனியை அந்த மாநிலத்தில் பதிவு செய்தாள். பொட்டலங்களுக்கு வயோமிங் முகவரியோடு புது லேபிள் அடித்தாள். இனி ஜனெல் வாயைத் திறக்கட்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வரி கட்டும் பருவத்தில் கணக்காளர் டுவேன் அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"புகை எங்கம்மா போடுற?"

"இங்கதான்."

"விக்கிறது? குடியிருக்கிறது?"

"எல்லாம் இங்கதான்."

"அப்ப வரியும் இங்கதான். பேரை அங்க எழுதிவச்சா சம்பாத்தியம் அங்க போயிடுமா? இப்போ ரெண்டு மாநிலத்துக்கும் பதிவுக் கட்டணம் வேற."

தங்கை எதையோ மறைத்துவிட்டாள் என்ற ஆத்திரத்தில் மார்லிஸ் நேரே டோரிங்டனுக்கு வண்டியை விட்டாள். கடைக்குப் பின்னால், உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் கட்டில் கிடந்தது. ஜனெலின் துணிமணியெல்லாம் அங்கேயே இருந்தன.

"நீ இங்கயா குடியிருக்க?"

ஜனெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கிரெக் வேற ஒருத்தியோட போயிட்டான். நம்ம ஊர்ல யார் முகத்துலயும் முழிக்க முடியல. வரிக்காகப் போறேன்னு சொன்னா யாரும் மேல தோண்ட மாட்டாங்கல்ல?"

மார்லிஸ் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தன் வாடகை முகவரிக் கதையையும் சொன்னாள். ஜனெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப அந்த வண்டி?" மார்லிஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது நெஜமாவே வரி மிச்சம்தான்."

மார்லிஸ் வெளியே நின்ற அந்த வண்டியை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். "வாரக் கடைசில வீட்டுக்கு வா. அங்க ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வயோமிங் கம்பெனியை அந்த மாதமே மூடினாள்.